முன்கதவால் போன மருமகளுக்கு

என் அன்பு நாச்சி,

நட்சுமி என்ற உன் பெயரை என் வாய்க்கு வசதியாக நாச்சி ஆக்கியவள் நான்தான். ஜப்பானில் உன் அம்மா ஆசையாக வைத்த பெயரைக் குழப்பிப்போட்டேனே என்று ஒருநாள் கேட்டேன். பரவாயில்லை மாமி, நாச்சி என்றால் தமிழில் அரசி மாதிரியாம், உங்கள் மகன் நிரோஜன் சொன்னார், எனக்கு நட்டமில்லை என்று டேனிஷில் சொல்லிச் சிரித்தாய். அதற்குப் பிறகு நான் உன்னை வேறு பெயரால் கூப்பிட்டதே இல்லை.

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த தமிழ் ஓம், காணும், உறைப்பு, மாமி, போட்டு வாறன், அவ்வளவுதான். டேனிஷில் எழுதலாம். ஆனால் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்த காலம் முழுக்க நான் டேனிஷில் எழுதியதெல்லாம் யார் சாப்பிட்டார், யார் மருந்தைத் துப்பினார் என்ற குறிப்புகள். உன்னைப் பற்றி எழுதினாலும் அப்படித்தான் வரும். இங்கே இருக்கிற எங்கள் ஆட்களின் ஆண்டு மலரில் இதைப் போடப்போகிறார்கள். அவர்களும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பொங்கலன்று உன் வீட்டு முன்கதவு திறந்தது. நீ போன நாளிலிருந்து பூட்டியே கிடந்த கதவு. எப்படித் திறந்தது என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்த ஒரு வருடமும் நீ அதற்கு வெளியே நின்றுகொண்டிருந்தாய் என்று நானும் உன் அம்மாவும் நம்புகிறோம்.

கல்யாணம் முடித்து நீ ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்த முதல் கோடையில், தோட்டத்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் கறுப்பு வாளிகளை வரிசையாக வைத்தாய். தக்காளி என்று நினைத்து எட்டிப் பார்த்தால், நெல்! பரந்தன் பக்கத்து வயலில் பிறந்து வளர்ந்த எனக்கு டென்மார்க்கில் வாளிக்குள் நெல்லைக் காட்டினாயே, அன்று நான் பட்ட சந்தோசத்துக்கு அளவே இல்லை. தினமும் வந்து பார்த்தேன். ஓகஸ்ட் மாதம் பயிர் குடலைப் பருவத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்ச நாளில் கதிர் தள்ளும். அந்த நேரம் பார்த்து நீ கத்தரிக்கோலோடு குந்தியிருந்து அடியோடு வெட்டினாய்.

"ஐயோ பிள்ளை, விசரே உனக்கு? வயித்திலை பிள்ளையோட நிக்கிற பயிரை ஆரும் வெட்டுவினமே?" என்று தமிழிலேயே கத்தினேன். நிரோஜன் ஓடிவந்து மொழிபெயர்த்தான். பாதியை விழுங்கிவிட்டான் என்பது உன் முகத்திலேயே தெரிந்தது.

கதிர் வந்தால் தண்டின் பலம் எல்லாம் மணிக்குப் போய்விடும் மாமி, என்றாய். தெய்வத்துக்கு முறுக்குகிற கயிற்றில் அந்தப் பலமும் பச்சையும் அப்படியே இருக்க வேண்டும் என்றாய். விதைக்கென்று ஒரு வாளியை மட்டும் மூலையில் விட்டிருந்தாய். நான் அந்த ஒரு வாளியைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மார்கழியில், நிழலில் காயவைத்த நெற்தாளுக்குத் தண்ணீர் தெளித்து, மரக்கொட்டனால் அடித்து மெதுவாக்கினாய். பிறகு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டி, சர் சர் என்று புரி முறுக்கினாய். அதற்கு ஷிமெனாவா என்று பெயர் சொன்னாய். நான் வைக்கோற்புரி என்றுதான் சொன்னேன். என்னைப் பயப்படுத்தியது நீ முறுக்கிய பக்கம். கதிர்க்கட்டுக்குப் புரி முறுக்கும்போது எங்கள் கை வலப்பக்கம் போகும். உன் கை இடப்பக்கம் போனது.

"இடப்பக்கம் செத்தவீட்டுக்குரியது, பிள்ளை," என்றேன். "செத்த ஆளைத்தான் நாங்கள் இடப்பக்கமாச் சுத்துறது."

எங்களிடமும் அன்றாடக் கயிறு வலப்பக்கம்தான் மாமி, என்றாய். இது அன்றாடக் கயிறு இல்லை, அதனால் மாற்றி முறுக்குகிறோம், கெட்டது எதுவும் இதைத் தாண்டி உள்ளே வராது. அந்தப் புரியை வளையமாகக் கட்டி, வெள்ளைத் தாளை மடித்துத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு செம்மஞ்சள் தோடம்பழத்தையும் வைத்து முன்கதவில் மாட்டினாய். புதுவருடத்துக்கு ஒரு தெய்வம் விருந்தாளியாக வருமாம், அதற்கு இதுதான் வாசல் அடையாளமாம். பொங்கல் வருகிற நாளளவில் கழற்றி எரித்துவிட வேண்டும், விருந்தாளி புகையோடு போய்விடுவார் என்றாய். பக்கத்து வீட்டுக் கிர்ஸ்டன் அது கிறிஸ்மசுக்கு மாட்டுகிற நத்தார் வளையம் என்று நினைத்து, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள்.

எனக்கும் உனக்கும் எத்தனையோ பொருத்தமில்லை. நீ மீனைப் பச்சையாகத் தின்றாய், நான் கருக்கித் தின்றேன். ஆனால் ஒன்றில் ஒத்துப்போனோம். வேலைக்குப் புறப்படும்போது நீ வாசலில் நின்று உங்கள் மொழியில் ஏதோ கத்துவாய். என்ன அது என்று கேட்டால், போய்த் திரும்பி வருகிறேன் என்று அர்த்தம் என்றாய். நான் கை தட்டிவிட்டேன். "உங்கட சனமும் போறன் எண்டு சொல்லாதோ!" அன்றைக்கே உனக்குப் போட்டு வாறன் சொல்லித் தந்தேன். உள்ளே இருக்கிறவர் அதற்குக் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் போகிறவரின் கால் முழுதாகப் போகாது என்றாய் நீ. நான் வந்து நிற்கிற நாட்களில் நீ வாசலில் நின்று "போட்டு வாறன் மாமி" என்பாய். சமையலறையிலிருந்து "ஓம், போட்டு வா" என்று நான் கத்துவேன்.

போன வருடம் ஜனவரியில், அந்தப் புரி கதவில் தொங்கிக்கொண்டிருந்த நாட்களில்தான் நீ போனாய். நீ வேலை செய்த பாலர் பாடசாலையில் ஒரு குழந்தையின் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாயாம். மூளைக்குள் இரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். முப்பத்திநாலு வயது! ஒரு தலையிடிக்குக்கூட மாத்திரை போடாத பிள்ளை.

செத்தவீட்டில் குருக்கள் சொன்னபடி நிரோஜன் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு உன்னை இடப்பக்கமாகச் சுற்றி வந்தான். நான் அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு உன் கைதான் தெரிந்தது, நெற்தாளை உருட்டுகிற கை. வீட்டுக்கு வந்து இறங்கியபோது கதவில் அது தொங்கியது, தோடம்பழத்தோடு. எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? கெட்டது தாண்டி வராது என்றாயே! உள்ளே வராது என்று சொன்னாயே தவிர, உள்ளே இருக்கிறதைக் கூட்டிக்கொண்டு போகாது என்று சொல்லவில்லையே. பிய்த்து எறியக் கையை நீட்டினேன்.

நிரோஜன் என் கையைப் பிடித்தான். "லா டென் வேர, மோர்," என்றான். அதைத் தொடாதேங்கோ அம்மா என்று. பிறகு பின்பக்கத்தால் உள்ளே போய் முன்கதவைப் பூட்டினான். சாவியைக் கழுத்தில் மாட்டியதைப் பிறகுதான் பார்த்தேன்.

அன்றிலிருந்து எல்லோருக்கும் பின்கதவுதான். துக்கம் கேட்க வந்த சனம் உடுப்புத் தோய்க்கிற அறையால் நுழைந்து, மெசினுக்கும் அழுக்குக் கூடைக்கும் நடுவில் வரிசையாக நின்று சப்பாத்துக் கழற்றியது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனமெல்லாம் போன பிறகு, நான் என் ஃப்ளாட்டைப் பூட்டிவிட்டு அவனுக்குச் சமைக்க என்று வந்துவிட்டேன். அவன் வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். ஒருவரோடும் கதை இல்லை. பின்னேரங்களில் முன்கதவின் உட்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான். பிள்ளையும் போய்விடப் போகிறானோ என்று சமையலறையிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பேன். உன் மாமா போனதையும் தாங்கினேன், உன்னையும் கொடுத்துவிட்டேன், இவனையும் கொடுக்க என்னால் ஏலாது என்று சாமியறையில் சண்டை பிடித்தேன்.

இந்த ஊர்க் காற்று உனக்குத் தெரியும்தானே. மேற்கே இருந்து வந்தால் நிற்காது. அது அடிக்கிற நேரமெல்லாம் கதவில் சர் சர் என்று கேட்கும். நீ முறுக்குகிற அதே சத்தம். முதல் தடவை நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் "ஆரது?" என்று கேட்டுவிட்டேன். ஒருவரும் இல்லை என்று தெரிந்தும் பிறகும் பிறகும் கேட்டேன். கதவின் கீழால் நெற்தாள் துண்டுகள் உள்ளே வந்து கிடக்கும். கூட்டுவேன். குப்பையில் போட மனம் வராது. அடுத்த நாள் திரும்பக் கிடக்கும். நீதான் உள்ளே வரப் பார்க்கிறாயோ, பிள்ளை? அப்படி நினைத்துவிட்டு உடனே திருநீறு பூசுவேன்.

ஜூன் மாதம் கடற்கரையில் நெருப்பு மூட்டுகிற நாளுக்குக் கிர்ஸ்டன் வந்து கூப்பிட்டாள். உங்கள் நத்தார் வளையம் நரைத்துப்போச்சு, அதையும் கொண்டுவந்து போடலாமே என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் அந்த நெருப்பின் உச்சியில் என்ன வைப்பார்கள்? வைக்கோலால் செய்த சூனியக்காரப் பொம்மை! சூனியக்காரியோடு சேர்த்து என் மருமகளின் புரியை எரிப்பதோ? "நாய், தாக்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பின்கதவைத்தான். வேண்டாம், நன்றி என்று மரியாதையாகத்தான் சொன்னேன், ஆனால் முகம் மரியாதையாக இருந்திருக்காது.

அதற்கு முன்பே ஒரு வேலை செய்திருந்தேன், உனக்குச் சொல்லவில்லை. சித்திரையில் கண்ணாடிக் கூட்டுக்குள் நீ போத்தலில் போட்டு வைத்த விதைநெல்லைக் கண்டேன். ஊறவைத்து வாளிகளில் போட்டேன். ஏன் செய்தேன் என்று கேட்காதே, கை சும்மா இருக்கவில்லை. நன்றாக வந்தது, நாச்சி. நீ விதைத்ததைவிடச் செழிப்பு என்று பெருமைக்குச் சொல்கிறேன், கோபிக்காதே.

ஓகஸ்டில் ஒருநாள் பார்த்தால், நிரோஜன் உன் கத்தரிக்கோலோடு வாளிகளுக்கு முன்னால் குந்தியிருக்கிறான். மாதக்கணக்காக அந்தக் கூட்டுப் பக்கம் தலை காட்டாதவன்.

"என்னடா செய்யப்போறாய்?"

"வெட்ட வேணும் அம்மா. இப்பதான் அவ வெட்டுறவ. புதுப்புரி முறுக்க வேணும். வீடியோ பாத்துப் பழகிட்டன்."

"ஒரு வருசம் ஆகேல்லை, ராசா. செத்தவீட்டு வருசத்திலை என்ன கொண்டாட்டம்?"

"கொண்டாட்டம் இல்லை. கதவு அவ விட்டமாதிரி இருக்க வேணும்."

நான் வாளிகளுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றேன். அறுபது தாண்டிய நான் வாளி நெல்லுக்குக் காவல் நின்றதை நீ பார்த்திருந்தால் படம் எடுத்திருப்பாய். "உன்ர மாமியைக் கேப்பம். அவ வெட்டு எண்டால் வெட்டு," என்றேன். மாமியென்றால் ஜப்பானில் இருக்கிற உன் அம்மாதான். அவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான்.

எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நடுவில் போன் இருந்து மொழிபெயர்க்கும். நான் டேனிஷில் சொல்ல அது ஜப்பான் மொழியில் சொல்லும். அதற்கும் எங்கள் அழுகைக்கும் ஒத்துவராது, அழுகிற நேரம் பேசாமல் நிற்கும். நான் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். சாவு நடந்த வீட்டில் அந்தப் புதுவருடத்துக்குப் புரி கட்டுவதில்லை, வாழ்த்துக்கூடச் சொல்வதில்லை என்றார். எங்களுக்கும் பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நிரோஜனும் இருந்தான்.

பிறகு நான் பழைய புரியைப் பற்றிச் சொன்னேன். இன்னும் தொங்குகிறது என்று. சம்பந்தியம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். போன் தானாக அணைந்துவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். கடைசியில் மெல்லச் சொன்னார், போன் தன் மரக்குரலில் எனக்குச் சொன்னது. புரி கதவில் இருக்கிற வரைக்கும் விருந்தாளி போக முடியாது. அந்த நாட்களில் போன என் மகளும் அங்கேதான் நிற்பாள். நின்று நின்று அவளுக்குக் கால் நோகும்.

சர் சர் என்று கேட்டதெல்லாம்! ஆரது என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேனே, ஒவ்வொரு தடவையும்! இப்போதே எரிக்கட்டோ என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பூட்டியவர்தான் திறக்க வேண்டும், நீங்கள் திறந்தால் அவருக்கு அது பூட்டியேதான் இருக்கும் என்றார். நிரோஜன் எழுந்து போய்விட்டான்.

நிற்கிற ஆளை எப்படிச் சும்மா விடுவது? அடுத்த நாள் காலையிலிருந்து முன்கதவின் உட்பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உனக்குத் தேத்தண்ணி வைத்தேன். உன் பச்சைத் தேயிலைதான், சீனி இல்லாமல். சூடு ஆறுகிற வரைக்கும் நானும் நிலத்தில் இருந்து ஊர்ப் புதினம் சொல்வேன். எஸ்பியர்க்கில் ஆருக்குக் கல்யாணம், கிர்ஸ்டனின் பூனை எத்தனை குட்டி போட்டது. கால் நோகுதோ, பிள்ளை, இன்னும் கொஞ்சம் பொறு என்பேன். முதலில் நிரோஜன் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனான். ஒரு காலை பார்த்தால் முக்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறான்.

நெல்லை ஒருவரும் வெட்டவில்லை. செப்டெம்பரில் எல்லா வாளியும் ஒன்றாகக் கதிர் தள்ளியது, நாச்சி! நீ உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கதிர் வந்திருக்காது. நீ போனதால் வந்தது. அதைப் பார்த்துச் சந்தோசப்படுகிறதா அழுகிறதா என்று தெரியாமல் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்றேன். நிரோஜன் வந்து ஒரு கதிரைக் கையில் பிடித்துப் பார்த்தான். அங்கே வைத்துத்தான் எனக்குச் சொன்னான்.

"அவ போன அண்டைக்குக் காலமை வாசல்லை நிண்டு போட்டு வாறன் எண்டு சொன்னவ, அம்மா. தமிழிலை. நான் காதிலை ஹெட்போனோட மீற்றிங்கிலை இருந்தன். கேட்டது. பேந்து சொல்லுவம் எண்டு விட்டிட்டன். கொஞ்ச நேரம் நிண்டு பாத்திட்டுத்தான் கதவைச் சாத்தினவ." பிறகு கேட்டான், "வாறன் எண்டு சொன்ன ஆள் வந்தால், கதவு வேறமாதிரி இருந்தால் என்ன நினைப்பா?"

கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம். பதில் சொல்லாவிட்டால் போகிறவரின் கால் முழுதாகப் போகாது என்று நீ சொன்னது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அதை அவனுக்குச் சொல்லவில்லை. அவனுக்கும் தெரியும்தானே.

ஜனவரியில் உன் முதல் வருட ஆட்டைத் திவசம் முடிந்தது. பொங்கலுக்கு முதல்நாள் சம்பந்தியம்மாவோடு கதைத்தபோது, அங்கேயும் புரி எரிக்கிற நாட்கள் அவைதான் என்றார். அந்த நெருப்பில் இடித்த சோற்று உருண்டையை வாட்டித் தின்றால் அந்த வருடம் நோய் வராதாம். நாங்களும் அரிசிதான் பொங்குவோம் என்றேன். நிரோஜன் கேட்டுக்கொண்டு சாப்பிட்டான்.

காலையில் கார் நிறுத்துகிற கூரைக்குக் கீழே கல் வைத்து நெருப்பு மூட்டப் பார்த்தேன். மழையும் காற்றும்! நெருப்புக்குச்சி ஒவ்வொன்றாக அணைந்தது. கிர்ஸ்டன் கிறில் அடுப்பு மூட்டுகிற கட்டியோடு ஓடிவந்தாள். உன் வாளி நெல்லைப் பூரிக்கட்டையால் உருட்டி உமி எடுத்ததில் ஒரு கை அரிசிதான் தேறியது. மிச்சத்துக்குக் கடை அரிசியைச் சேர்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது வீட்டுக்குள்ளிருந்து பூட்டு உடைகிறமாதிரி ஒரு சத்தம் கேட்டது.

முன்கதவு திறந்திருந்தது. ஒரு வருடத்துத் தூசியும் நெற்தாளும் காற்றில் வீட்டுக்குள் பறந்தன. நிரோஜன் வாசற்படியில் நின்று புரியை இரண்டு கையாலும் கழற்றினான். தோடம்பழம் கல்மாதிரி கறுத்துப்போயிருந்தது. அவன் புரியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வெறும் றோட்டைப் பார்த்து, உங்கள் மொழியில் ஒரு சொல்லைச் சத்தமாகச் சொன்னான். கிர்ஸ்டன் திரும்பிப் பார்த்தாள்.

"என்னடா சொன்னனி?"

"போட்டு வா எண்டு," என்றான்.

செத்தவீட்டில் போட்டு வாறன் என்றும் சொல்லக் கூடாது, போட்டு வா என்றும் சொல்லக் கூடாது. அது எனக்கு அரிச்சுவடி. வேறு யாரும் சொல்லியிருந்தால் வாயைப் பொத்தியிருப்பேன். அன்றைக்கு நான் நகர்ந்து அவனுக்கு நெருப்புப் பக்கம் வழி விட்டேன்.

புரியை அவன்தான் பானைக்குக் கீழே வைத்தான். பக்கென்று பற்றியது. இடப்பக்கமாக முறுக்கியது நெருப்பில் தானாகப் பிரிந்து நிமிர்ந்ததை நான் கண்ணால் கண்டேன். அந்த நெருப்பில் உன் நெல் பொங்கியது. முதல் கரண்டியை வாழையிலையில் உனக்கு வைத்தோம். நிரோஜன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான், போனில் சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்றுக் காலை காற்று பலமாக அடித்தது. கதவில் ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஒரு வருடம் போனது, இப்போது அது இல்லாததுதான் பயமாக இருக்கிறது. பழக்கத்தில் உனக்குத் தேத்தண்ணி ஊற்றிவிட்டேன். கோப்பையைப் பிடித்துக்கொண்டு முக்காலிக்கு முன்னால் நின்றேன். போய்ச் சேர்ந்துவிட்டாயோ, பிள்ளை? கால் நோவு இப்போது எப்படி? நிரோஜன் வேலைக்குப் புறப்பட்டு முன்கதவால் இறங்கினான். "போட்டு வாறன் அம்மா," என்றான். இந்த ஒரு வருடத்தில் அவன் அதைச் சொன்னதே இல்லை.

வாற ஓகஸ்டில் பாதி வாளியைப் பச்சையாக வெட்டுவேன், நாச்சி. எனக்கு நெஞ்சு வலிக்கும், ஆனால் வெட்டுவேன். மார்கழியில் நிரோஜனும் நானும் இருந்து புரி முறுக்குவோம், இடப்பக்கமாகத்தான். மிச்சப் பாதி கதிர் தள்ளட்டும். வாசலில் நின்று யார் போட்டு வாறன் என்று சொன்னாலும், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வந்து பதில் சொல்வேன். இது உன் மேல் சத்தியம்.

ஓம் பிள்ளை, போட்டு வா.

உனக்கு ஊற்றிய தேத்தண்ணியைத் தானே குடித்து முடித்த
உன் மாமி